இராஜாக்கமங்கலத்தில் பாதிப் பாட்டு

டபுள் பேஸ் வாசிக்கிறவன் பயணம் போகக் கூடாது. ஆளைவிட உயரமான அந்த மரப் பிடிலை ரயிலில் ஏற்றினால் ரயில்காரன் முறைக்கிறான், கப்பலில் ஏற்றினால் கப்பல்காரன் முறைக்கிறான். கொழும்பிலிருந்து நாகர்கோவில் பக்கம் வந்து சேர்வதற்குள் அதற்காக நான் வாங்கிய வசவுகளை எழுதினால் கட்டுரை முழுவதும் அதற்கே போய்விடும். சின்ன வயதில் புல்லாங்குழல் படித்திருக்கலாம். சொல்ல அப்போது ஆளில்லை.

நாங்கள் நாலு பேர். கல்யாணங்களுக்கும் கிளப்புகளுக்கும் இங்கிலீஷ் பாட்டு, பைலா என்கிற ஆட்டப்பாட்டு, நடுவே இரண்டு தமிழ்ப் பாட்டு என்று வாசிக்கிற கொழும்பு பாண்டு. பெயர் நீலக்கிளிகள். டிரம் அடிக்கும் டோனி பறங்கிப் பையன், தூக்கத்திலும் சிரிப்பான். டிரம்பெட் ஊதும் பியசேன சிங்களவர். ஊதாத நேரத்தில் வாயைத் திறக்க மாட்டார். கிட்டாரை மீட்டிக்கொண்டு பாடுகிறவன் சிரில், கொட்டாஞ்சேனைத் தமிழ்ப் பையன். நான் யாழ்ப்பாணத்தான், பகலில் துறைமுகத்தில் குமாஸ்தா. வயதில் மூத்தவன் என்பதால் மூன்று பேருக்கும் 'அண்ணை'.

எங்களைக் கூப்பிட்டவர் பொன்னையா முதலாளி. கொழும்பில் கொப்பரை வியாபாரம், சொந்த ஊர் நாகர்கோவிலுக்குத் தெற்கே இராஜாக்கமங்கலம். மகள் கல்யாணத்துக்கு அந்த வட்டாரத்தில் ஒருவரும் கேட்டிராத மேளம் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். கூடவே ஒரு தூண்டிலும் போட்டார். மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒருவர் சென்னையில் இசைத்தட்டுக் கம்பெனியில் பெரிய ஆளாம். கல்யாணத்துக்கு வருகிறாராம். பாட்டுப் பிடித்தால் பாடினவனைச் சென்னைக்குக் கூப்பிட்டு இசைத்தட்டுப் போட்டுவிடுவாராம்.

இதைக் கேட்ட நாளிலிருந்து சிரில் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கொழும்புச் சபைகளைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே பாட்டுப் பிடிக்காவிட்டால் சும்மா எழுந்து போக மாட்டார்கள். பின்வரிசையில் ஒருவன் 'ஹூ' என்று ஆரம்பிப்பான், அடுத்த நிமிஷம் மண்டபமே ஊளையிடும். கூ அடிப்பது என்போம். அந்த வருஷத் தொடக்கத்தில் சிரிலுக்கு அது நடந்தது. புதுப் பாட்டு, பெரிய மண்டபம், பாதியில் கூ அடித்து இறக்கிவிட்டார்கள். அதன்பிறகு மேடை ஏறுமுன் வாந்தி, மேடையில் பாதிப் பாட்டில் குரல் அடைப்பு. ஒரு பாட்டையும் அவன் முடித்து நாங்கள் பார்க்கவில்லை.

அவனுடைய தகப்பன் பேக்கரிக்காரர். இந்தப் பயணத்திலும் பாட வராவிட்டால் கிட்டாரைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு மாவு பிசைய வா என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவன் போனால் பாண்டு போச்சு. எங்களில் வேறு யாருக்கும் பாட வராது. எனக்கும் பயம்தான். துறைமுகக் கணக்கைத் தவிர என் வாழ்க்கையில் இருந்த ஒரே நல்ல விஷயம் அந்தப் பாண்டு.

முதல் நாள் திருநெல்வேலியிலிருந்து பஸ். ஆரல்வாய்மொழி என்று ஒரு கணவாய் வருகிறது. ஆனி மாதத்தில் இரண்டு மலைக்கும் நடுவே வருகிற காற்றைக் காற்று என்று சொல்வது மரியாதைக் குறைவு. பஸ்ஸின் உச்சியில் கட்டியிருந்த என் டபுள் பேஸின் கித்தான் உறை உப்பிக்கொண்டு வண்டியைப் பின்னால் இழுக்கிறது என்று டிரைவர் சத்தியம் செய்தார். அவர் நிறுத்துவதற்குள் டோனியின் பெரிய டிரம் கயிற்றை அறுத்துக்கொண்டு ரோட்டில் குதித்து வந்த வழியே உருண்டது. டோனி பின்னாலேயே ஓடினான். எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் இறங்கி, காலால் மிதித்து அதை நிறுத்தினார். "ஏலே மக்கா, ஒனக்க அண்டா ஓடிப் போவுது, பிடிச்சுக் கெட்டிப் போடு" என்றார். டிரம்முக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதைத் தாண்டினால் திருவிதாங்கூர்-கொச்சியின் எல்லைச் சாவடி. அரிசி, புகையிலை என்று எதையாவது ஒளித்துக் கொண்டுபோகிறார்களா என்று பார்க்கிற இடம். அதிகாரி மலையாளத்தில் பேசினார். எனக்குப் புரிந்தவரை தமிழில் தருகிறேன். 'இதற்குள் எத்தனை மூட்டை?' என்று டபுள் பேஸைத் தட்டினார். பஸ்ஸில் இருந்த பெரியவர் ஒருவர் தலையை வெளியே நீட்டி, "அது பெட்டி இல்ல ஏமானே, பிடிலுக்க அப்பனாக்கும்" என்று எனக்காகப் பரிந்து பேசினார். 'அப்படியானால் வாசி' என்றார் அதிகாரி. ரோட்டோரத்தில் நிறுத்தி வாசித்தேன். 'இவ்வளவு பெரிய சாமானுக்கு இவ்வளவு சத்தம்தானா' என்று உதட்டைப் பிதுக்கினார். பிறகு கிட்டாரோடு நின்ற சிரிலைப் பார்த்து, 'நீ பாடு' என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். சிரில் பஸ்ஸுக்குப் பின்னால் போய்க் குனிந்து நின்றான். அதிகாரி என்ன நினைத்தாரோ, கையை ஆட்டி எங்களைப் போகச் சொல்லிவிட்டார்.

இராஜாக்கமங்கலத்தில் தேங்காய்ப் புரையைக் கூட்டிப் பெருக்கி எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். பாதிக் கொட்டகையில் தேங்காய், பாதியில் நாங்கள். மறுநாள் காலை சாப்பாடு கொண்டுவந்தவர் முதலாளியின் தங்கை செல்லம்மை. நாற்பது வயதிருக்கும், குரல் கடல் தாண்டிக் கேட்கும். இலையில் புட்டு, பயறு, பப்படம், அதன்மேல் குட்டி குட்டியாக மட்டிப்பழம். எங்கள் ஊரில் பிட்டுக்குத் தேங்காய்ப்பாலும் மீன்குழம்பும்தான். பழத்தைத் தனியாக எடுத்து வைத்தேன். அம்மையார் அதை எடுத்து என் புட்டிலேயே உரித்துப் போட்டு, "பிசைஞ்சு தின்னும், செத்துப் போவ மாட்டீரு" என்றார். பிசைந்தேன். பப்படத்தையும் அதிலேயே நொறுக்கச் சொன்னார். இரண்டாம் தரம் நானே கேட்டு வாங்கித் தின்றேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

சிரில் விரலால் இலையில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். "இந்தப் பிள்ளைக்கு என்ன சீக்கு?" என்று என்னிடம் கேட்டார். சீக்கில்லை, நாளைக்குப் பாட வேண்டும் என்ற பயம் என்றேன். "வெப்ராளம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். நெஞ்சு அடித்துக்கொண்டு நிலைகொள்ளாமல் தவிப்பதற்கு அந்தப் பக்கத்தில் அதுதான் சொல். கொழும்பில் டாக்டர் அரை மணி நேரம் சோதித்துவிட்டு வயிற்றுக்கு மருந்து கொடுத்திருந்தார்.

பையனை ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், புரைக்குள் அடைந்து கிடந்தால் இன்னும் மோசமாகும் என்று காரைக் கொடுத்து எங்களைப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அனுப்பியதும் அந்த அம்மையார்தான். தக்கலையில் முறுக்குச் சுடுகிறவளைப் பார்க்க வேண்டும் என்று தானும் ஏறிக்கொண்டார். ஐந்து பேரும் ஒரு காரில். டோனியின் மடியில் ஒரு ஓலைப் பெட்டி, முறுக்குக்கு.

அரண்மனை முழுக்க மரம். எங்கள் ஊர் வெள்ளைக்காரக் கட்டடங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது அரண்மனை என்றே முதலில் தோன்றவில்லை, பெரிய பணக்காரர் வீடு என்று நினைத்தேன். உள்ளே போகப் போக வாயை மூடிக்கொண்டேன். தரை கறுப்பு, குனிந்தால் நம் முகம் தெரிகிறது. கூத்து நடக்கும் மண்டபம் ஒன்று, கல் தூண்களோடு. பக்கத்தில் இடுக்கு இடுக்காக மர அழி வைத்த மறைப்பு. அந்தக் காலத்தில் அரண்மனைப் பெண்கள் அதற்குப் பின்னால் இருந்துதான் ஆட்டம் பார்ப்பார்களாம். ஆடுகிறவளுக்குப் பார்க்கிறவளின் முகம் தெரியாது.

சிரில் அந்த அழிக்கு முன்னால் வெகுநேரம் நின்றான். "அண்ணை, இப்பவும் இப்பிடி வைச்சால் என்ன? ஆர் கேக்கினம் எண்டு தெரியாது. முகமே இல்லை" என்றான். பிறகு மெதுவாக, வாய்க்குள்ளேயே, தன்னுடைய பாட்டைப் பாடினான். கடற்கரையில் குடை விற்கிற ஒருத்தியைப் பற்றி அவனே கட்டிய பாட்டு. கொழும்பில் கூ வாங்கியதும் அதுதான். முதல் அடி, இரண்டாம் அடி என்று போய்க்கொண்டேயிருந்தது. கல் மண்டபத்தில் அந்தக் குரல் சுற்றி வந்தது. எனக்குக் கண் கலங்கியது; தூசி என்று டோனியிடம் சொன்னேன். காவல்காரர் ஓடி வந்து சத்தம் போடக் கூடாது என்றார். எப்போது அங்கே போனாரோ, அழிக்குப் பின்னாலிருந்து செல்லம்மை அக்காவின் குரல் வந்தது: "ஏலே, இந்தத் தொண்டைய வச்சுக்கிட்டா பட்டினி கெடக்கே?"

அன்றிரவு சிரில் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் இரண்டு தட்டுச் சாப்பிட்டான்.

கல்யாண நாள். காலையில் தாலி கட்டும்போது நாங்கள் பந்தலில் இல்லை. நாதசுரமும் தவிலும் போட்ட போட்டில் தேங்காய்கள் அதிர்ந்தன. வேறு எதுவும் காதில் விழவில்லை. பியசேன எல்லோருடைய நீலக் கோட்டையும் தேய்த்து வைத்தார். சிரில் தேங்காய்க் குவியலுக்குப் பின்னால் இரண்டு தடவை போய்விட்டு வந்தான். நேற்றுச் சாப்பிட்டதெல்லாம் வீண்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அவியல், எரிசேரி, ஓலன், குழம்பு, ரசம், பிறகு இலையிலேயே அடைப்பிரதமன். அதில் பப்படத்தையும் மட்டிப்பழத்தையும் நொறுக்கிப் பிசைய வேண்டும் என்று பக்கத்து இலைக்காரர் சொல்லிக் கொடுத்தார். இந்த ஊரில் பழம் படாத சாப்பாடு கிடையாது போல. பாயசத்தைக் கையால் வழித்துச் சாப்பிடத் தெரியாமல் பியசேனவின் கோட்டுக் கை நனைந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு எங்கள் முறை. பந்தலில் ஆண்கள் ஒரு பக்கம். வீட்டு வாசலை ஒட்டிப் பெண்களுக்கு இடம். நடுவே மறைப்பாக ஓலைத் தட்டி. சிரில் அதைப் பார்த்ததும் என் கையைப் பிடித்தான். "அண்ணை, அந்தப் பக்கம் பாத்து நிண்டு பாடட்டோ?" பாடினால் போதும், தலைகீழாக நின்று பாடினாலும் எனக்குச் சம்மதம். எங்களுக்குப் போட்டிருந்த நாலு பெஞ்சையும் ஓலைத் தட்டிப் பக்கம் திருப்பிப் போட்டோம். முன்வரிசை நாற்காலியில் சென்னைக்காரர் உட்கார்ந்திருந்தார், வெள்ளைச் சட்டை, மடியில் தொப்பி. அவருக்குச் சிரிலின் ஒரு காதும் கிட்டாரின் முதுகும்தான் தெரிந்திருக்கும். "என்ன வே இது, விருந்தாளிக்கு முதுகக் காட்டிக்கிட்டு" என்று முதலாளி முணுமுணுத்தார்.

முதலில் வெறும் வாத்தியம். சனம் திறந்த வாய் மூடாமல் கேட்டது, அல்லது பார்த்தது. டோனி குச்சியை மேலே எறிந்து பிடித்தபோது கைதட்டினார்கள். அடுத்தது குடைக்காரி பாட்டு. சிரில் ஓலைத் தட்டியைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தான். குரல் அரண்மனையில் வந்த மாதிரியே வந்தது. சென்னைக்காரர் தொப்பியைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார். நடத்திவிட்டோம் என்று நினைத்தேன்.

இரண்டாம் சரணத்தின் நடுவில், தட்டிக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் கிளம்பியது. ஒருத்தி தொடங்க, பத்துப் பேர், இருபது பேர், உச்சக் குரலில், மூச்சு விடாமல். சிரிலின் விரல் கம்பியிலேயே நின்றுவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தான். "கூ அடிக்கினம் அண்ணை" என்றான். அவ்வளவுதான். கிட்டாரைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் பந்தலைவிட்டு இறங்கிப் போய்விட்டான். டோனி கொஞ்ச நேரம் சும்மா அடித்துப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் வளர்ந்த தெருவில் பெண்கள் அப்படி ஒரு சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கூ என்பது நீளமாக வரும் ஊளை. இது நாக்கைச் சுழற்றிச் சுழற்றி வந்தது. பயந்துபோன காதுக்கு அந்த வித்தியாசமெல்லாம் எங்கே தெரியப் போகிறது? கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டு வைத்துப் பெண்பிள்ளைகளை விட்டே கூ அடிக்கிறார்களே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

சென்னைக்காரர் எழுந்து வந்தார். அந்தப் பையனுக்கு என்ன என்று கேட்டார். வயிற்றுக் கோளாறு என்றேன். "குரல் நன்றாக இருக்கிறது. ஆனால் பாதிப் பாட்டுக்கு நான் இசைத்தட்டுப் போட முடியாதே" என்று சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. திருநெல்வேலியில் ரயிலைப் பிடிக்க வேண்டும், கார் காத்திருக்கிறது, கொஞ்ச நேரம் பார்க்கிறேன் என்றார்.

அதற்குள் செல்லம்மை அக்கா தட்டியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். "எதுக்கு வே பாட்ட நிப்பாட்டினிய?"

"நீங்கள் எல்லாரும் கூ அடிச்சா அவன் எப்பிடிப் பாடுறது?" என்று நான் பாய்ந்தேன்.

"கூவா? அது என்ன எழவு?"

சொன்னேன். "எம்மோ! அது குரவையாக்கும். பொண்ணையும் மாப்பிள்ளையையும் பால் பழம் குடுக்க உள்ள கூட்டிட்டுப் போனோம். அப்பம் குரவ இடாண்டாமா? நல்ல காரியத்துக்குக் குரவ இடாத வீடு உண்டுமா?" என்றார். பின்னால் நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "சவத்தெ, சிரிச்சது போதும், வாங்கட்டி" என்று அவர்களையும் திரட்டிக்கொண்டு புரையை நோக்கி நடந்தார். நானும் பின்னால் ஓடினேன்.

சிரில் தேங்காய்க் குவியலின் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அக்கா விஷயத்தைச் சொன்னார். அவன் தலையை ஆட்டினான். "என்னை ஆறுதல்படுத்துறதுக்காகச் சொல்லுறீங்கள் அக்கா. எனக்கு ஏலாது. நான் பேக்கரிக்கே போறன்."

"ஆறுதலுக்கா? கல்யாண வீட்டுல எனக்கு வேற சோலி இல்லியா? ஏட்டி, இடுங்கட்டி!"

அந்தச் சின்னக் கொட்டகைக்குள் அத்தனை பெண்களும் சேர்ந்து குரவையிட்டார்கள். காதைப் பொத்திக்கொண்டேன். சிரில் பொத்தவில்லை. தலையைத் தூக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். வாய்க்குள் நாக்கு பறக்கிறது, கண் சிரிக்கிறது. ஒரு கிழவிக்குப் பல் இல்லாததால் காற்றுத்தான் வந்தது. அவரும் விடாமல் போட்டார்.

"இப்பம் கண்டியா? கேட்டுக்க மக்களே, குரவ இட்டா நிப்பாட்டப்பிடாது. சத்தத்தக் கூட்டி அடிக்கணும். மேளக்காரன்ட்ட கேளு, சொல்லுவான்" என்றார் அக்கா.

பந்தலுக்குத் திரும்பியபோது முன்வரிசை நாற்காலி காலி. முதலாளி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

"போயிட்டாரோ அண்ணை?"

"ஓம்" என்றேன். வீட்டுக்குப் போய்விடலாம் என்று டபுள் பேஸின் உறையை எடுத்தேன்.

சிரில் கிட்டாரைத் தோளில் மாட்டினான். "அந்தத் தட்டியை எடுக்கச் சொல்லுங்கோ" என்றான். அதெல்லாம் வழக்கமில்லை என்று முதலாளி சொல்லத் தொடங்கினார். அக்கா காத்திருக்கவில்லை, ஓலைத் தட்டியின் ஒரு முனையை அவிழ்த்து, பாய் மாதிரி சுருட்டித் தூணில் சாத்திவிட்டார். பெண்கள் எல்லோரும் எங்களுக்கு நேரே. சிரில் கண்ணை மூடவில்லை. குடைக்காரியை முதலிலிருந்து பாடினான். குரல் இரண்டு இடத்தில் பிசிறியது, அவன் கவனிக்கவே இல்லை. இரண்டாம் சரணத்தில் அக்கா வேண்டுமென்றே குரவையைத் தொடங்கினார். சிரில் இன்னும் மேலே போனான். டோனி கூட்டி அடித்தான். பாட்டு முடிந்ததும் எங்கள் வாய் திறக்காத பியசேன சிங்களத்தில், 'இன்னொரு தடவை' என்றார். இன்னொரு தடவை வாசித்தோம்.

திரும்பும் வழியில் ஆரல்வாய்மொழிச் சாவடியில் அதே அதிகாரி. பிடிலின் அப்பனை அடையாளம் கண்டுகொண்டு சோதிக்காமலே விட்டுவிட்டார். செல்லம்மை அக்கா கட்டிக் கொடுத்த மட்டிப்பழக் குலை ஒன்று எங்களிடம் இருந்தது. கணவாயைத் தாண்டுவதற்குள் அதைத் தின்று தீர்த்தோம்.

இசைத்தட்டு வரவில்லை. சென்னைக்கு நான் ஆள் மூலம் சொல்லிப் பார்த்தேன், பதில் இல்லை. சிரில் விடியற்காலையில் பேக்கரியில் மாவு பிசைந்துவிட்டு, சாயங்காலம் எங்களோடு வாசித்தான். தகப்பனோடு அப்படி ஒரு சமரசம்.

பிறகு ஒரு நாள் அவனைக் கூ அடித்து இறக்கிய அதே மண்டபத்தில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். நான் வேண்டாம் என்றேன், அவன் கேட்கவில்லை. குடைக்காரியைத்தான் பாடினான். இரண்டாம் சரணத்தில் பின்வரிசையில் ஒருவன் தொடங்கினான். ஹூ. அடுத்தவன் சேர்ந்தான். பிறகு வரிசை வரிசையாக. சிரிலைப் பார்க்கவே பயமாக இருந்தது, ஆனாலும் பார்த்தேன்.

அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அடி எடுக்க இருந்த இடைவெளியில் மைக்கிலிருந்து வாயை விலக்கி என் பக்கம் சாய்ந்தான்.

"அண்ணை, செல்லம்மை அக்கா வந்திட்டா. கூட்டி அடியுங்கோ."

கூட்டி அடித்தோம். பாட்டு முடியும் வரை அவன் நிறுத்தவில்லை.